துளைக்குப் பத்து யூரோ

ஹியுமா தீவுக்கும் கரைக்கும் நடுவே
கடல் உறைந்த வாரத்தில்
நான்தான் எழுந்து சொன்னேன்:
துளைக்குப் பத்து யூரோ தரலாம்.

ஆறு குளிர்காலமாக
யாரும் கேட்காமல் வளர்ந்த வரைபடம்.
துரப்பணம் தூக்கிப் போவார்கள்.
பனியில் ஒரு துளை, அதில் ஓர் அளவுகோல்,
கைபேசியில் ஓர் எண்:
இருபத்தாறு. இருபத்துநாலு. இங்கே வராதீர்கள்.
அந்த எண்ணை நம்பித்தான்
தபால்காரர் தீவுக்குக் காரை இறக்குவார்.

இந்த ஆண்டு எண்கள் வற்றிவிட்டன.
வடக்கு ஓரத்தில் ஹெல்டூர் மட்டும்,
லாரி ஓட்டாத நாட்களில்.
நடுவில் ஒன்பது கிலோமீட்டர்
யாரும் வாய் திறக்காத கூட்டம்போல
வெள்ளையாய்க் கிடந்தது.

நகராட்சி தந்த நாலாயிரம் கணக்கில் சும்மா இருந்தது.
அதற்கு என்ன பெயர் வைப்பது என்றே
ஒரு மாலை போனது.
கூலி என்றால் வரி வரும்.
பரிசு என்றால் போட்டி வரும்.
நன்றி என்று போடலாம் என்றார் ஊர்மாஸ்.
நன்றிக்கு விலைப்பட்டியலா என்றாள் லெய்லி.
கடைசியில் பெயரில்லாமல்
தொகையை மட்டும் எழுதினோம்.

முதல் சனிக்கிழமை நூற்றுப் பன்னிரண்டு துளைகள்.
கைதட்டினேன்.
பிறகு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கார் நிறுத்துமிடத்திலிருந்து கல்லெறி தூரத்தில்
நூற்றுப் பன்னிரண்டும்,
அம்மைத் தழும்புபோல நெருக்கியடித்து.
அந்த ஒரு முழம் கரையின் பனித் தடிமன்
இப்போது எங்களைப்போல்
உலகில் வேறு யாருக்கும் தெரியாது.

ஹெல்டூருக்கும் அனுப்பினோம்:
முப்பத்தொரு துளை, முந்நூற்றுப் பத்து யூரோ.
மறுநாளே திரும்பி வந்தது.
குறிப்பில் ஒரே வரி:
‘இது வேலை என்று எனக்குத் தெரியாது.’
அதன்பின் அவர் துரப்பணம் கொட்டகையை விட்டு வரவில்லை.
கோபமா, வெட்கமா, முதுகுவலிதானா,
கேட்கப் போனேன்.
காபி குடித்தோம், டீசல் விலை பேசினோம்,
கேட்காமல் திரும்பினேன்.

பணத்தின்மேல் பழியைப் போட்டு
இதை இங்கேயே முடித்திருப்பேன்,
கைரி வராமல் இருந்திருந்தால்.

விலையை மாற்றியிருந்தோம்:
கரையில் ஒன்று, நடுவில் நாற்பது.
மீன் ஆலை மூடியதிலிருந்து
எங்கள் கூட்டம் எதற்கும் வராத கைரி
கழுத்தில் இரண்டு பனி ஆணிகளைக் கட்டிக்கொண்டு
சறுக்குவண்டியை இழுத்து
விடியுமுன் இறங்கினாள்.
பதினாலு துளைகள்.
ஐந்நூற்று அறுபதையும் வாங்கி
எண்ணிப் பார்த்து, ‘விறகுக்கு’ என்றாள்.

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்:
பணம் இல்லாவிட்டாலும் போயிருப்பாயா?
‘போன வருஷம் பணம் இல்லை.
என்னைப் பார்த்தாயா அங்கே?’
கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
‘சும்மா செய்ய நேரம் வேண்டும்.
அதை எனக்கு யார் சும்மா தருகிறார்கள்?’

அன்றிரவு அவளுடைய எண்களைச் சரிபார்த்தேன்.
பதினோராவது துளை: பதினேழு.
பக்கத்தில், யாரும் காசு தராத கட்டத்தில்,
எழுதியிருந்தாள்:
‘இங்கே அடியில் தண்ணீர் பேசுகிறது.’

மூன்று வாரத்தில் முதல்முறையாக
அதன் கீழே ஹெல்டூரின் பெயர்:
‘அங்கே எப்போதும் பேசும்.
தெற்கே இருநூறு மீட்டர் தள்ளிப் போ.’
இதற்கு எத்தனை யூரோ என்று
என் விரல் தன்னிச்சையாகப்
பட்டியலைத் தேடியது.
அதை மடக்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் பனி உடைந்தது,
காசு வாங்கிய துளையும் வாங்காத துளையும்
சேர்ந்து மிதந்து போயின.
கணக்கில் மீதி ஆயிரத்து நூற்றெண்பது.
செலவானதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
தணிக்கையாளர் இரண்டுமுறை கேட்டுவிட்டார்.
ஊர்மாஸைக் கேட்கிறேன்.
லெய்லியைக் கேட்கிறேன்.
கைரி தொலைபேசியை எடுக்கவில்லை,
படகில் வேலை கிடைத்துவிட்டதாம்.