மூக்கு

நார்த்டேலில் எங்கள் கராஜில்
காருக்கு இடமில்லை.
சூளை வந்த நாள்முதல்
தயாளனின் கொரோலா ஆலங்கட்டி மழையில் நிற்கிறது,
முகமெல்லாம் அம்மைத் தழும்போடு.

பீங்கான் மண் எதையும் மறப்பதில்லை.
சக்கரத்தில் நான் முறுக்கிய முறுக்கை
உள்ளே வைத்துக்கொள்ளும்.
நேராய் வெட்டி ஒட்டிய கெண்டி மூக்கு
சூளைக்குள் மெல்லத் திரும்பி
பக்கத்து வீட்டைப் பார்த்தபடி வெளியே வரும்.
எனவே கோணலாய் வெட்டுகிறேன்,
கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னே வைப்பவர்களைப் போல.
நெருப்பின் மேல் நம்பிக்கை ஒன்றுமில்லை,
முப்பத்தொரு கெண்டி கெட்ட கணக்கு.

உடல், மூடி, குமிழ், கைப்பிடி, மூக்கு
எல்லாம் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும்.
ஒன்று காய்ந்து ஒன்று காயாமல்
சம்பந்தம் பேச முடியாது.
நொம்புசோ வயிற்றில் துளையிடுகிறாள்,
பதினேழு.
ஒன்று கூடினால் சுவர் கிழியும்,
குறைந்தால் ரூய்போஸ் தூள் அடைத்துக்கொள்ளும்.

வெள்ளியன்று எங்கள் தெருவுக்கு
மின்வெட்டு இரவு பத்துக்கு.
ஒன்பது ஐம்பதுக்குச் சூளை
ஆயிரத்து இருநூற்று அறுபது.
இன்னும் இருபது பாகை.
இருவரும் பேசவில்லை.
பத்து அடித்தது. விளக்கு எரிந்தது.
பத்து ஏழுக்குத்தான் அவர்களுக்கு
எங்கள் ஞாபகம் வந்தது.
தெரு முழுக்க இருட்டு,
சூளைக் கதவில் மட்டும்
செம்மஞ்சளாய் ஒரு கண்.

அந்தச் சூட்டில் வெந்த கெண்டி ஒன்றை
இன்று திருமதி ஃபூரி
துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.
"அழகு. ஆனால் சொட்டுகிறது."
ஊற்றிக் காட்டினார்.
நிறுத்தியதும் ஒரு துளி
தாடையைத் தடவி, தொப்பைக்கு இறங்கி,
என் ரசீதுப் புத்தகத்தில் விழுந்தது.

பணத்தைத் தருகிறேன் என்றேன்.
நொம்புசோ உள்ளே போய்
சுண்டுவிரலில் வெண்ணெயோடு வந்தாள்.
மூக்கின் அடியில் ஒரு தடவல்.
ஊற்றினாள், நிறுத்தினாள்.
துளி விளிம்பில் நின்று யோசித்து
உள்ளே திரும்பிப் போனது.

கெண்டி மறுபடி துண்டுக்குள் போனது.
அடுத்த ஈட்டுக்கு உதட்டைக் கூராக்கலாம் என்கிறேன்.
கூர் என்றால் சில்லு போகும் என்கிறாள்.
இரண்டும் சரி.
அப்படியே நிற்கிறோம், கையில் கம்பியோடு.

வெளியே மழை பிடிக்கிறது.
தயாளன் தலையை நீட்டிக் கேட்கிறான்:
"கார் கூரையும் ஒழுகுது.
வெண்ணெய் மிச்சம் இருக்கா?"