வந்த நேரம்

அறுபத்தெட்டு வயதில்
கழுத்தில் அட்டை தொங்க நிற்கிறார் இவர்.
வ. கந்தவனம், தொண்டர்.
எனக்கும் ஒன்று தந்தார்கள். பரிமளத்தில் ளகரம் பிழைத்து
'பரிமலம்' என்று.
மலம் நீங்கத்தானே வந்தது, கிடக்கட்டும் என்று விட்டேன்.

உகந்தையில் எங்களுக்குத் தகரக் கூரையோடு ஓர் அறை,
இரண்டு பாய், ஒரு குக்கர், பாதி எரியும் டோர்ச்.
மெல்பேர்ணிலிருந்து மகள் கேட்கிறாள்:
"பென்சன் எடுத்தா ஓய்வா இருக்கிறதுதானேம்மா?"
ஓய்வாம்.
நாலரைக்கு மணி.
ஐந்துக்கு முன் அண்டாக்கள் கழுவி
ஆறுக்குள் குரங்குகளுக்கு முந்தி வாழைப்பழம் எண்ணி
மறுகா வெள்ளை வேட்டிகளை நீலத்தில் அலசி
கடற்காற்றில் கல் வைத்துக் காயப்போடவேண்டும்.
இரவில் பின்வேலியில் பெரியவர் வந்து நிற்பார்
(காட்டோரத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை)
இருமலை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டு
ஒரே பாயில் இரண்டு பேரும் குந்தியிருப்போம்.
கலியாணம் முடித்த புதிதில்கூட
இவ்வளவு நெருங்கி இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஆடிக்கு முன் காட்டுப்பாதை திறந்தது.
மூதூரிலிருந்து, வெருகலிலிருந்து, அதற்கும் அப்பாலிருந்து
நடந்து வந்த கால்கள்.
முப்பத்தொரு வருசம் மருத்துவிச்சியாகத்
தலை வருகிற பக்கம் பார்த்தவள் நான்.
இப்போது கால் பக்கம்.
கொப்புளம் உடைத்து, உப்புநீர் ஊற்றி, மஞ்சள் வைத்து,
"கத்தாத கா, புள்ள பெறுறது இதைவிட நோவு" என்றேன்
மீசை வைத்த ஒருவனிடம்.

இவருக்குப் பதிவு வேலை.
கல்முனை டிப்போவில் டைம்கீப்பராக இருந்த கை
கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது:
பெயர். ஊர். போன நேரம்.
நாலாவதாக, யாரும் கேட்காமல்,
வந்த நேரம்.

காட்டுக்குள் இறங்குகிறவர்கள் இந்த வழியால் வரமாட்டார்கள்.
கும்புக்கன் ஆறு கடந்து, கதிர்காமம் கண்டு,
மொனராகலையால் பஸ் பிடித்து ஊருக்குப் போவார்கள்.
எல்லாருக்கும் தெரியும். இவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அருச்சனைச் சிட்டைகளை அடுக்கும்போது
இவருடைய எழுத்தில் இரண்டு கண்டேன்.
பத்மசீலன், பூரட்டாதி.
உதுமாலெப்பை, நட்சத்திரம் தெரியாது.
போன வெள்ளியும் இதே இரண்டு.
அதற்கு முந்தியும்.

குருக்கள் என்னைத் தனியே கூப்பிட்டார்:
"அம்மா, ரெண்டாவது ஆளை நான் எப்பிடிச் சொல்ல?"
நான் என்ன சொல்ல?
"பேரை மட்டும் சொல்லுங்க ஐயா" என்றேன்.
அவர் கொஞ்ச நேரம் சுடரைப் பார்த்தார்.
பிறகு சொன்னார், தடக்கித் தடக்கி,
லெப்பையில் ஒரு லகரம் குறைய.

அன்றிரவு நான் கேட்கவில்லை.
தகரத்தைப் பார்த்துக்கொண்டு தானாகவே சொன்னார்:
"டிரைவரும் கண்டக்டரும்.
விடிய அஞ்சு நாப்பதுக்கு நான்தான் சைன் வெச்சு அனுப்பினன்.
அந்தப் பக்கத்தில இன்னும் ஒரு கட்டம் காலி."
நாற்பத்திரண்டு வருசம் ஒரே பானையில் சோறு தின்றிருக்கிறோம்.
அந்தப் பெயர்களை நான் கேட்டதே இல்லை.

மறுநாள் தொடங்கியதுதான் இந்தக் கூத்து.
காட்டுக்குள் போகிற ஒவ்வொருவரிடமும்
தன் நம்பர் எழுதிய துண்டு நீட்டுகிறார்.
"போய்ச் சேந்ததும் ஒரு கோல், தம்பி. ஒரே ஒரு கோல்."
மூன்றுமுறை திருநீறு வாங்கிய கையால்
அதையும் வாங்கி மடியில் செருகுகிறார்கள்.

சிக்னல் கிடைப்பது வள்ளிமலை உச்சியில் மட்டும்.
முழங்கால் எண்ணெய் தீர்ந்த மனுசன்
பொழுதுபட ஏறி, சுனையோரம் குந்தி,
போனை ஆகாயத்துக்குக் காட்டுகிறார்.
இறங்கி வந்து கொப்பி விரிப்பார்.
மீசைக்காரன் எடுத்தானாம், கால் ஆறிவிட்டதாம்:
பின்னேரம் நாலு பத்து.
தம்பிலுவில் கிழவி, பேரன் போனில்: ஐந்து மணி.
முந்நூற்று நாற்பதில்
ஐம்பத்தேழு பேர்தான் இதுவரை.
மற்றவர்களுக்கு மறந்திருக்கும்.
துண்டு வியர்வையில் கரைந்திருக்கும்.
அப்படித்தான் சொல்கிறேன் இவருக்கு.

இன்றைக்கும் மேலே நிற்கிறார்.
கீழேயிருந்து பார்த்தால்
கழுத்து அட்டை மட்டும் ஒருதரம் மின்னுகிறது.
சோறு ஆறுகிறது.
கூப்பிட்டால் மயில்தான் பதில் சொல்லும்.
டோர்ச்சை எடுத்துக்கொண்டு நானே ஏறுகிறேன்.