மூன்றாம் எண்

நார்விக்கில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
கீழ்த்தளத்தில் இங்வில்ட் ரிமோட்டின் குமிழைத் திருகுகிறாள்.
தாது வண்டியின் பெரிய எஞ்சின் அசையவில்லை.
விளக்கு மட்டும் ஒருமுறை சிமிட்டியது,
காதில் விழுந்தும் விழாததுபோல.

பேட்டரி மாற்றியாயிற்று.
தண்டவாளத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்ததில்
துணியில் இரண்டு கறுப்புக் கோடுகள்.
மல்லாத்திப் போட்டுச் சக்கரங்களைத் தேய்த்தது
ஸ்வெர்ரேயின் பல் பிரஷால். அவன் இன்னும் தேடுகிறான்.
மைக்ரோவேவ் ஓடினால் சிக்னல் அறுமோ என்று
அவனுடைய மீன் சூப்பையும் ஆறவிட்டாள்.

கடைசியில் எஞ்சினின் நினைவை அழித்து
தொழிற்சாலை வைத்த மூன்றாம் எண்ணில் கூப்பிட்டாள்.

அப்போதுதான் கேட்டது.
பிளாஸ்டர் மலைக்குள், சுரங்கத்தின் முட்டுச்சந்தில்
ஏதோ முனகுகிறது.
குமிழைத் திருப்பினால் நிற்கிறது.
திருகினால் மறுபடியும்.

தோள்வரை கையை விட்டு இழுத்தாள்:
கோடையில் தொலைந்ததாக நோட்டில் அடித்துவிட்ட
சின்ன டீசல்.
எண் மாற்றவே மறந்த ஒன்று.
தூசியோடு, உள்ளங்கையில் வெதுவெதுப்பாக,
சக்கரம் இன்னும் சுழல.

பெரியது அப்படியேதான் நிற்கிறது.
இங்வில்ட் மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள்:
சூப்பைச் சுட வைத்துக்கொள்,
தப்பு உன் பேரில் இல்லை.