கையும் கறையுமாக

டிசம்பரில் எங்கள் ஊருக்குச் சூரியன் வராது.
மூர்மான்ஸ்க். நாற்பது நாள் இருட்டு.
நண்பகலில் வானம் லேசாக நீலம் பாரித்துவிட்டு
மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும்.
கடைசி டிராலிபஸ்ஸை ஷெட்டில் விட்டு
ஒன்றரை மணிக்கு வீடு வந்தால்
எதிர்க் கட்டடம், ஐந்தாம் மாடி,
இடமிருந்து மூன்றாம் ஜன்னல்:
ஊதா.

வாளித் தண்ணீரில் பெர்மாங்கனேட் கரைத்ததுபோல்
ஓர் அறை நிறைய ஊதா.
கீழே பனிமேட்டிலும் அதன் சாயல்.
விடியாத ஊரில்
விடிய விடிய எரிந்தது.

தூக்கம் வராதவனுக்குத்
துப்பறியும் வேலை யாரும் தர வேண்டியதில்லை.
மூன்றாம் வாரம் போலீஸுக்குப் போன் செய்தேன்.
பெயர் சொல்லவில்லை.
"கஞ்சாச் செடியாக இருக்கலாம்" என்றேன்.
அந்த 'லாம்'-க்குப் பின்னால்
ஒளிந்துகொண்டேன்.

நடந்ததை அவளே சொன்னாள்.
என்னிடம் அல்ல.
என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து
மீன் ஆலைத் தோழியிடம்,
சிரிப்பை அடக்க முடியாமல்,
நான்காம் எண் வண்டியில்,
நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போது.

தைசியா அவள் பெயர். ஒரே அறை.
அலமாரிக் கதவைக் கழற்றித் தட்டாக்கி,
சுவரில் அலுமினியத் தாள் ஒட்டி,
கழுத்தறுத்த தண்ணீர் கேன்களில்
பதினொரு தக்காளிச் செடிகள்.
படுக்கையை விரித்தால் நடக்க இடமில்லை,
நடக்க வேண்டுமென்றால் படுக்கையைச் சுருட்ட வேண்டும்.
வந்த போலீஸ்காரப் பையன் அர்சேனி
பூட்ஸை வாசலில் கழற்றினானாம்.
குனிந்து முகர்ந்தானாம்.
"இதற்கா என்னை அனுப்பினார்கள்?"
இருந்தும் எண்ணி எழுதிக்கொண்டான்:
தக்காளி, பதினொன்று.
பிறகு கை சும்மா இருக்கவில்லை.
"பக்கத்துளிரை விட்டால் காய் பிடிக்காதே" என்று
ஒரு கணுவிலிருந்து ஒடித்தானாம்.
கை கழுவினால் நுரை பச்சையாகப் போனது,
துடைத்த துண்டில் மஞ்சள்.
கையும் களவுமாகப் பிடிக்க வந்தவன்
கையும் கறையுமாகத் திரும்பினான்.

வண்டி முழுக்கச் சிரித்தது.
நான் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினேன்.
ஒரு நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு நாள், மைனஸ் பதினெட்டு,
கோட்டுக்குள்ளிருந்து
பிள்ளையை எடுப்பதுபோல்
ஒரு பால் டப்பாவை வெளியே எடுத்தாள்.
"போலீஸ் ஒடித்த துளிர்.
தண்ணீர் டம்ளரில் வேர் விட்டது.
எனக்கு இடமில்லை.
உங்கள் ஜன்னல் என் ஜன்னலுக்கு
நேர் எதிர்தானே?"
கேள்வியா அது?
அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
ஹீட்டர் பக்கம் வைத்துக்கொண்டு
கடைசி நிறுத்தம்வரை
முட்டை ஏற்றியவன்போல ஓட்டினேன்.

மார்ச்சில் பூத்தது.
தேனீ எங்கே வரும்,
ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டிய வீட்டுக்கு?
மின்சாரப் பல்துலக்கியைப் பூக்காம்பில் தொட்டுவைத்தால்
போதும் என்றாள். ர்ர்ர்ர்.
மஞ்சள் பொடி உதிர்ந்தது.
என்னிடம் இருப்பது ஒரே பிரஷ்.
அன்று இரவு அதிலேயே பல் துலக்கினேன்.

இரண்டு காய்.
ஒன்று கோலிக்குண்டு அளவில் விழுந்தது.
மற்றது ஜூனில்,
அஸ்தமிக்க மறந்த சூரியன்
இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் நிற்கையில்,
காம்போரம் சிவக்க ஆரம்பித்தது.
எதிர் ஜன்னலில் இப்போது ஊதா இல்லை.
எது அவளுடையது என்று
இடமிருந்து எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தோல் தடிப்பு. புளிப்பு அதிகம்.
உப்பு தொட்டு நின்றபடியே தின்றேன்,
தட்டில் ஒழுகியதையும் குடித்தேன்.

மறுநாள் முன்படியில் ஏறினாள்.
"காய்த்ததா?"
"ஒன்று" என்றேன்.
சொல்ல இன்னொன்றும் இருந்தது.
ஸ்டீயரிங்கில் இருந்த விரல்களில்
கழுவியும் போகாத இலை வாசம்.
வாயைத் திறந்தேன்.
பச்சை விழுந்துவிட்டது,
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.