அரைப்பேர்

மேப்பிரிவுப் பிள்ளைக் காம்பராவில்
பதினொரு தொட்டில்.
பத்து மணிக்குப் பாலூட்ட வந்தவர்கள்
திரும்ப மலையேறிப் போனபின்
பன்னிரண்டு வரைக்கும் இங்கிலாந்து எனக்கு.

ஹட்டன் பஸ் நிலையத்துப் பின்சுவரோரம்
பழைய இரும்போடு இரும்பாய்க் கிடந்தது அந்த நாவல்.
நூற்றைம்பது கேட்டான், நூற்றிருபதுக்குத் தந்தான்.
முதல் பக்கத்தில் துரைமார் கிளப்பின் ஊதா முத்திரை.
நடுவில் நசுங்கிக் காய்ந்த ஓர் ஈசல்.
வெளிவாரிப் பட்டம், இரண்டாம் வருஷம்,
மூன்றாம் வினாத்தாளுக்கு இதே புத்தகம்.

முதல் ஐம்பது பக்கம் சோற்றில் கல்.
ஒரு வாக்கியம் புறப்பட்டால்
கினிகத்தேனைப் பாதை போல வளைந்து வளைந்து ஏறி
யார் எதைச் செய்தார் என்பதைக்
கடைசி வளைவில்தான் இறக்கிவிடும்.
தொட்டிலுக்கடியில் அகராதி வைத்திருந்தேன்.
எந்தப் பக்கத்தில் அதை மறந்தேன்
என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கடனில் மூழ்கிய அப்பனின் மகள் அவள்.
அவள் அப்பன் எழுதிக் கொடுத்த பத்திரத்தைப்
பெரிய வீட்டுக்காரன் விலைக்கு வாங்கிப் பரிசாய் நீட்ட,
மேசையிலேயே அதைத் திருப்பி வைத்து
"நானே அடைப்பேன்" என்கிறாள்.
அந்த வரியில் இருந்தபோது
தலவாக்கலை பஸ் என்னைத் தாண்டிப் போனது.
கைகாட்டவில்லை நான்.

பக்கத்துக்குப் பக்கம் பனி.
நூற்று நாற்பதாம் பக்க ஓரத்தில்
எந்தத் துரைசாணியோ பென்சிலால் எழுதியிருக்கிறாள்,
"இங்கேயும் இப்படித்தான்" என்று, இங்கிலீசில்.
ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.
சரிதான். பெரட்டுக்களத்தைக் காணவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டில் ஒருத்தி வருகிறாள்.
விடியுமுன் கணப்பு மூட்டுகிறாள்.
பிறகொரு நாள் மழையில் நாலு மைல் நடந்து
ஒரு கடிதம் கொடுக்கிறாள்.
மூன்றாம் முறை கதவுக்குப் பின்னால் இருமுகிறாள்.
அவ்வளவுதான்.
புத்தகம் முழுக்க அவளுக்கு 'அந்தப் பெண்' என்று பெயர்.

பின்னேரம் யோகமலர் பிள்ளையை எடுக்க வந்தாள்.
கொழுந்து பதினாலு கிலோதான் என்று
அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்.
இடுப்புப் படங்கை அவிழ்க்காமலே கேட்டாள்:
"அந்தப் பொண்ணு அந்த ஆளையே கட்டிக்கிட்டாளா?"
"கட்டிக்கிட்டா."
"அப்ப கடன்?"
"கட்டின பிறகு கடன் ஏது?"
"காயிதம் கொண்டு போனவ?"
"அவளப் பத்தி அப்புறம் ஒண்ணும் எழுதல."
யோகமலர் சிரித்துவிட்டாள்.
"அங்கயும் அரைப்பேர்தானா!"

பரீட்சையில் கேள்வி வந்தது:
நாயகியின் தன்மானத்தை ஆராய்க.
ஆராய்ந்தேன், நாலு பக்கம். ஒரு வரியும் பொய்யில்லை.
அவளை எனக்கு இப்போதும் பிடிக்கும்.
கடைசிக் கால்மணி நேரத்தில்
அந்தக் கடிதத்தைச் சுமந்த கால்கள் யாருடையவை,
அவை நனைந்ததை யார் கணக்கில் எழுதினார்
என்று தொடங்கினேன்.
மணி அடித்தது.
வாக்கியம் இன்னும் அந்த வளைவிலேயே
பிரேக் போட்டு நிற்கிறது.

"கேள்விக்கு வெளிய எழுதினா வெட்டுவாங்கதானே?"
"வெட்டலாம்."
"நிறுவையிலயே வெட்டுறானுக," என்றாள்,
"பேப்பர்ல வெட்ட மாட்டானுகளா?"

புள்ளி இன்னும் வரவில்லை.
இன்றும் மழை.
செக்ரோலில் கணக்கப்பிள்ளை போடுகிற மாதிரியே
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்க ஓரத்தில்
ஓர் ஒன்று போட்டேன்.
கடிதம் போன பக்கத்தில் இன்னொன்று.
இருமுகிற இடத்துக்கு வந்து
பென்சில் தயங்கியது.
சுகமில்லாத நாளுக்குப் பேர் உண்டா?

ஆறாம் தொட்டிலில்
யோகமலரின் மகன் அழத் தொடங்கினான்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தேன்.