ஆறில் ஐந்து

புதன் காலை பத்து மணிக்குத்
தீவனத் தட்டுகளை எடுத்துவிட்டேன்.
தண்ணீர் மட்டும்.
கூண்டின் அடியில் கம்பிவலை,
தன் புழுக்கையைத் தானே தின்றுவிடக் கூடாதென்று.
ஆய்வென்றால் பசியும் சுத்தமாக இருக்கவேண்டும்.

பிக்ரிக் அமிலம் தோய்ந்த பஞ்சால்
தலையில், முதுகில், வாலில் மஞ்சள் வைத்த
ஆறு வெள்ளெலிகள்.
முதல் குழு. இவற்றுக்கு மருந்து கிடையாது.

வியாழன்,
சைதாப்பேட்டையில் சிக்னலுக்கு நின்றுபோன மின்ரயிலில்
நானும் வெறும் வயிறு.
ஒரு பான்டோபிரசோல் போட்டிருந்தேன்.
என் அமிலத்தை யாரும் அளப்பதில்லை.

மயக்கத்தில் வயிற்றைத் திறந்து
இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில்
பட்டு நூலால் ஒரு முடிச்சு,
ரத்தக் குழாய் சிக்காமல்.
தைத்து மூடினால் நான்கு மணி நேரக் காத்திருப்பு.
கீழே கேன்டீனில் சாம்பார் தாளிக்கும் வாசம்
மூன்றாம் மாடிவரை ஏறி வந்தது.
அவற்றுக்கும் வந்திருக்கும்.

ஐந்து இரைப்பைகளில் கலங்கல் நீர்.
சுழற்றித் தெளியவைத்து
பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டவிட்டேன்.
டோப்பர் சிவப்பு ஆரஞ்சாகி,
பிறகு பினால்ப்தலீனின் இளஞ்சிவப்பு.
நிறம் நிற்கும் துளிவரை
மூச்சைப் பிடித்திருப்பது என் பழக்கம்.

ஆறாவது, வாலில் மஞ்சள் உள்ளது.
கத்தரி பட்டதும் பழுப்புக் கூழ்.
பால் வாசனை.
பிஸ்கட்.

ராத்திரி ஷிப்டுக்கு முனிரத்தினம் வந்ததும் கேட்டேன்.
"கம்பியப் புடிச்சிக்கினு நின்னுச்சும்மா.
மூணு மணி இருக்கும். என்னியே பாத்துச்சு.
நான் டீயில தொட்டுத் தின்னுகினு இருந்தேன்."
கொஞ்சம் நிறுத்தி,
"பாதிதான் குடுத்தேன்" என்றார்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
எலி ஆறு. உணவு எச்சம். விலக்கப்பட்டது.
யார் கொடுத்தது என்று கேட்கும் கட்டம்
படிவத்தில் இல்லை. இருந்திருந்தால்
என்ன எழுதியிருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை.
அன்று அந்த அறையில்
என்னையும் சேர்த்து எண்ணினால்
சாப்பிட்டிருந்தது அது ஒன்றுதான்.

இரண்டு வருடம் கழித்து, வாய்மொழித் தேர்வில்,
மதுரையிலிருந்து வந்த புறத்தேர்வாளர்
அட்டவணை நான்கில் விரலை வைத்தார்.
"எல்லாக் குழுவிலும் ஆறு.
இதில் மட்டும் ஏன் ஐந்து?"

"ஒன்றின் பட்டினி முழுமையாகவில்லை சார்."

சரி என்று தலையாட்டினார்.
மதியம் இரண்டே முக்கால்.
இன்னும் யாரும் சாப்பிடப் போகவில்லை.
சட்டைப் பையைத் துழாவி
ஒரு ஜெலுசிலை எடுத்து மென்றபடி
அடுத்த பக்கம் திருப்பினார்.