நேரில் கண்டவை மட்டும்

படிவத்தில் ஆறு கட்டங்கள்.
ஆண், பெண், குட்டி,
நேரம், திசை, குறிப்பு.
மேலே தடித்த எழுத்தில்:
நேரில் கண்டவை மட்டும்.

கத்திரி பிறந்த நான்காம் நாள்
கானாடுகாத்தானுக்கு மேற்கே
தைலமரக் காடு முடிந்து
செம்புறாங்கல் மொட்டையாய் எழும் இடத்தில்
என்னையும் அடைக்கலத்தையும்
ஜீப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள்.
பழைய பெயின்ட் வாளியில் தண்ணீர்,
புளிச்சோற்றுப் பொட்டலங்கள்,
ஒரு டார்ச். பேட்டரி நாளைக்கு.

ஊருணி என்று வரைபடம் சொன்ன இடத்தில்
வெடித்த சேறு சில்லுகளாய்ச் சுருண்டு கிடந்தது.
மிதித்தால் அப்பளச் சத்தம்.

"தண்ணி இல்லாத இடத்துல
தண்ணி குடிக்க வர்ற மானை எண்ணணும்"
என்றான் அடைக்கலம்.
தினக்கூலி. எதையும்
சிரிக்காமல்தான் சொல்வான்.

முதல் நாள்
ஒரு கீரி. எழுதக் கட்டம் இல்லை.
நான்கு மயில். கட்டம் இல்லை.
சூரைப் புதருக்குள் ஏதோ
மூச்சுவிட்டது போலிருந்தது.
மூச்சுக்கும் இல்லை.

இரண்டாம் நாள் உச்சியில்
காரில் வந்து இறங்கினார் ஒருவர்.
சாத்தப்பன் என்று பெயர், பினாங்கில் கடை,
கல்யாணத்துக்கு வந்த இடத்தில்
மான் பார்க்கும் ஆசை.
முழங்கை நீளத்துக்கு லென்ஸ்.
"பன்னிரண்டு சார், இப்பத்தான், பாறைச் சரிவுல!"
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்.
படத்துக்குள்ளும் வெயில் நெளிந்துகொண்டிருந்தது.
பன்னிரண்டாவதின் கழுத்தில்
மணி.

அடைக்கலம் ஊர்ப்பெயரைப் பிரித்துச் சொன்னான்:
கான். ஆடு. காத்தான்.
"காத்தவன் சாப்பிடப் போயிருப்பான் சார்."

அவர் கோபிக்கவில்லை.
கைநிறைய மனகோலம் அள்ளித் தந்துவிட்டு
ஆடுகளை அழிக்காமலே போனார்.

மாலை ஆறேகால்.
இதை எப்படி எழுதுவதென்று
இன்றுவரை தெரியவில்லை.
வெளிச்சம் கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
காரைச் செடிகளின் நடுவே
ஒரு வெள்ளை
எழுந்தது, ஆடியது, அணைந்தது.
தூக்கிய வாலின் அடிப்புறம்.
கொம்பைப் பார்க்கவில்லை. புள்ளியைப் பார்க்கவில்லை.
குளம்போசை என் இருமலில் போயிற்று.

"ஒண்ணு" என்றேன்.
"வாலு ஒண்ணு" என்றான்.
ஆணா, பெண்ணா?
வெள்ளை.
திசை?
எங்களை விட்டு.

இரவு ரேஞ்சர் போனில் கேட்டார்,
போன வருஷம் எத்தனை?
பதினேழு.
"பத்தொன்பது போடுய்யா.
கூடியிருக்குன்னா மேலே சந்தோஷப்படுவாங்க."
சிக்னல் அறுந்தது.
போன வருஷப் பதினேழும் என் கையெழுத்துதான்.
அவற்றில் எத்தனைக்கு வால் இருந்தது என்பது
எனக்கும் அந்தப் பேனாவுக்கும் தெரியும்.

அன்றிரவு முறைவைத்து விழித்திருந்தோம்.
அதாவது, இருவரும் தூங்கிப்போனோம்.
விடிந்து பார்த்தால்
வாளி சாய்ந்து கிடக்கிறது.
உள்ளே சொட்டில்லை.
சிந்திய ஈரம் முறத்தளவு.
அதில் பிளந்த குளம்புத் தடம், கூராக.
அதை ஒட்டி,
கட்டைவிரல் நகமளவில்
இன்னொன்று.
என் செருப்பிலிருந்து இரண்டு சாண்.

ஆடாக இருக்குமோ என்றேன்.
அடைக்கலம் மண்டியிட்டு
வெகுநேரம் பார்த்தான்.
"ஆடுன்னா அண்ணே,
புளிச்சோத்தைப் பொட்டலத்தோட தின்னிருக்கும்."

பொட்டலம் அப்படியே இருந்தது,
எறும்பு மட்டும்.

வெயில் ஏறியது.
ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கி வந்து
பெரிய தடத்தை அழித்தது.
சின்னது இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.
ஜீப் வரப் பத்து மணி.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
அடைக்கலம் ஒரு கூழாங்கல்லைத் துடைத்து
வாயில் போட்டுக்கொண்டான்,
எனக்கும் ஒன்று கொடுத்தான்.

படிவத்தை மடியில் வைத்து எழுதினேன்.
ஆண்: சுழி.
பெண்: சுழி.
குட்டி: சுழி.
குறிப்பு: அடுத்த முறை
இரண்டு வாளி அனுப்பவும்.